அத்தானுக்கு ஏன் பூசை வைக்கவில்லை

அத்தான் எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. அவரது அடக்கத்தின்போது தேவாலயத்தில் பூசை வைக்கவில்லையே என்று உறவினராகிய உங்களில் சிலர் இன்றும் குறை சொல்கிறீர்கள். அக்காவிடம் கேட்காதீர்கள். அவருடைய தங்கை நான் இந்த நினைவு மலரில் பதில் எழுதுகிறேன்.

அத்தான் கனடாவில் கியூபெக் மாகாணத்தின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாக் கரையில், அந்நாட்டின் பூர்வகுடிகளான கிரீ இனத்தவருக்குப் பிறந்தவர். ஆறு வயதில் அவரையும் அவருடைய தங்கையையும் பெற்றோரிடமிருந்து பறித்து, திருச்சபை நடத்திய விடுதிப் பள்ளியில் விட்டது அரசு. தலைமயிரை வெட்டினார்கள். தாய்மொழியில் கதைத்ததற்காகத் தோல் பட்டியால் அடித்தார்கள். தங்கை அங்கேயே காய்ச்சலில் இறந்தாள். எங்கே புதைத்தார்கள் என்று பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவில்லை.

வளர்ந்தபின் மொன்றியலுக்கு வந்து தச்சுவேலை பழகினார். அங்கே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அக்கா குடியிருந்த கட்டடத்துக்குக் கதவு திருத்த வந்தவர், பின்னர் அக்காவையே மணந்துகொண்டார். "குடிகாரக் கூட்டம்" என்று சொல்லிப் பெரியப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. அத்தான் ஒருநாளும் குடித்தவரல்லர். அதே பெரியப்பாவுக்கு முழங்கால் ஏலாமற்போனபோது, கர்க்லாண்டில் உள்ள அவர் வீட்டுப் படிகளுக்குக் கைப்பிடி அடித்துக்கொடுத்தவரும் அவர்தான்.

இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்ட எங்கள் பிள்ளைகளின் படங்களோடு நாங்கள் டவுன்டவுனில் நின்றபோதெல்லாம் அவரும் குளிரில் நின்றார். அவருடைய தங்கையைப் பற்றி உங்களில் யார் கேட்டீர்கள்?

அத்தானின் கடைசிக் கிழமையில், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பெரியம்மா ஆஸ்பத்திரிக்கு ஒரு பாதரைக் கூட்டிவந்தார். கறுப்பு அங்கியைக் கண்டதும், எழுபது வயது மனிதர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு நடுங்கினார். படுக்கை நனைந்துவிட்டது. பாதர் விளங்கிக்கொண்டு உடனே வெளியே போனார். பெரியம்மா போகவில்லை. பழையதை மறந்து, சாகிற நேரத்திலாவது கடவுளிடம் வரச்சொல்லும்படி அக்காவை வற்புறுத்தினார்.

அக்கா எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

"பெரியம்மா, இந்த உடுப்புப் போட்ட ஆக்கள்தான் இவரைச் சின்னனில அடிச்சவை. மறக்கச் சொல்ல நீங்கள் ஆர்? போங்கோ."

பூசை இல்லாததன் காரணம் இதுதான்.

வடக்கிலிருந்து நெடுந்தூரம் வண்டியோடி வந்து, கிரீ மொழியில் பாடி அவரை அடக்கம் செய்த அவருடைய உறவினருக்கும், கடைசிவரை பக்குவமாகப் பார்த்த தாதியருக்கும், பனியில் வந்து நின்ற நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

'எல்லோரையும் மன்னித்து அமைதியாகக் கண்மூடினார்' என்று இம்மலரில் ஒரு வரி சேர்க்கும்படி பெரியம்மா சொல்லியனுப்பியிருந்தார். சேர்க்க மாட்டேன். அத்தான் மன்னிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, அவரை அடித்தவர்களில் ஒருவரும் அவர் வீட்டு வாசலுக்கு வந்ததுமில்லை.