பஸ்ஸில் ஏறிய டாக்டரம்மா

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாத இதழுக்காக, பல துறைகளில் பேர் எடுத்தவர்களிடம் அனுபவ அறிவுரை கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் திண்டுக்கல்லில் அந்த டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். சின்னாளப்பட்டிச் சேலை கட்டி, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் அணிந்திருந்தார். நோயாளி வெளியே போனதும், தான் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டின் கார்பன் நகலை இன்னொரு முறை படிப்பது அவர் வழக்கம்.

என் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, சற்று முன் வந்து போன ஒரு பெண்ணின் சீட்டு நகலைப் படித்தவர், சட்டென்று எழுந்தார்.

"ஐயையோ, இந்த மருந்து அந்தப் பொண்ணுக்கு ஒத்துக்காதே!"

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

அந்தப் பெண்ணின் ஊருக்குப் போகும் நிலக்கோட்டை பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அதில் ஏறி அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து, பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்:

"தப்பா எழுதிட்டேன் தாயி. வாங்குன மாத்திரையக் குடு. எம் மேலதான் தப்பு."

அந்தப் பெண் பதறிப்போனாள். "இதுக்குப் போயி நீங்களா வரணும்? நர்ஸம்மாவ அனுப்பியிருக்கலாமே!"

"நர்ஸு வந்தா, அது நர்ஸு பண்ணுன தப்பாயிரும்ல?"

வேறு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார். திரும்பி நடக்கையில், "ம், அடுத்த கேள்வி என்ன?" என்றார். நான் கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் நடந்ததை மட்டும் எழுதி அனுப்பினேன்.

அத்தனை பேர் முன்னால் அவருக்கு அவ்வளவு எளிதாக வந்த 'எம் மேலதான் தப்பு' என்ற அந்த வார்த்தை, வீட்டில் ஒரே ஒருவரிடம் சொல்லக்கூட எனக்கு இன்னும் வாயில் வருவதில்லை.