அக்கா போட்ட ஆறு கையெழுத்து

இது நடந்தது. காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பேய் என்றால் இதில் வரும் பெரியவரும் சிரித்தவர்தான்.

கருத்தரிப்பு மையம் ஒன்றின் லேபில் முப்பது வருடம் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். "இயற்கையா? ஆயிரம் தடவை சொதப்பி ஒரு தடவை உருப்படியா செய்யும். அதுக்குப் போய்க் கும்பிடு போடுதுங்க, முட்டாளுங்க" என்பார். அத்தாட்சியாகப் பேத்தியைக் காட்டுவார். மகளுக்குத் தேறியது ஒரே ஒரு கரு. அதை உறைய வைத்ததும், உருக்கி எடுத்ததும் அவர் கைதான். பேத்திக்கு ஏழு வயது. உலகத்தில் அவர் மதித்த ஒரே உயிர் அவள்.

லேபில் ஒரு விதி உண்டு. உறைந்த கரு இருக்கும் குழலைக் குளிர் டேங்கிலிருந்து எடுத்தால், ஒருவர் அதன் மேலுள்ள எண்ணைப் படிக்க வேண்டும். இன்னொருவர் கண்ணால் பார்த்து, "சரி" சொல்லி, கையெழுத்துப் போட வேண்டும். அதற்கென்று இருந்த வயதான அக்காவை, "எனக்கே காவலா? கையெழுத்தைப் போட்டுட்டுப் போ" என்று பாதி நாள் துரத்திவிடுவார்.

போன வருடம், ஒரு வியாழக்கிழமை. யாரும் கேட்டு வராத பழைய கருக்களை அழிக்க அவரை அழைத்திருந்தார்கள். எல்லாம் அவர் காலத்துச் சரக்கு. பிற்பகல் 2.10.

"சார், மாடிக்குப் போய் சீல் எடுத்துட்டு வந்துடறேன். ரெண்டு பேரா செய்யணும். தொடாதீங்க" என்றாள் இப்போதைய லேப் பெண்.

"போம்மா. நீ பிறக்கறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சவன் நான்."

கதவு சாத்திக்கொண்டது. க்ளிக்.

2.14. டேங்க் மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை. முதல் குழல்.

"நானூற்றுப் பன்னிரண்டு."

"சரி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதற்குள் வந்துவிட்டாளா? அவர் திரும்பவில்லை. மேஜையில் இருந்த பட்டியலில் பேனா உரசியது. சர்ர்க்...

"நானூற்று நாற்பது."

"சரி."

குரல் கரகரத்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

2.19. ஐந்து குழல் முடிந்தது. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லையே... அப்போதுதான் உறைத்தது.

டேங்கின் அடியில் இன்னொரு குழல். பட்டியலில் இல்லாதது. பனியைத் துடைத்தார்.

மகளின் எண்.

அது இங்கே இருக்க முடியாது. அது... பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறது.

"தப்பு" என்றார்.

"சரி." காதருகே.

"இது தப்பு!"

"சரி."

கழுத்தில் மூச்சு பட்டது. சில்லென்று...

திரும்பினார்.

யாருமில்லை.

2.26-க்கு லேப் பெண் சீலோடு வந்தபோது, அந்தக் குழலை டேங்கிலேயே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் ஐந்து வரிதான் அச்சாகியிருந்தது. ஆறாவதாக மகளின் எண், பேனாவால். ஆறுக்கும் நேரே கையெழுத்து.

"யார் சார் போட்டது?"

அவருக்குத் தெரியும். அக்காவின் கையெழுத்து. அக்கா செத்து நாலு வருடம்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். பாப்பா தாத்தாவிடம் பேச வேண்டுமாம். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பயமாக இருந்தது. பாப்பாவிடம் கொடுப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தார். மகளுக்குக் கருவை உருக்கிய நாள். அன்றும் அக்காவைத் துரத்திவிட்டு எல்லாம் தானே செய்தவர். அக்கா என்ன எழுதினார் என்று அதுவரை புரட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அந்த வரியில் கையெழுத்து இல்லை. இரண்டே சொல்.

"நான் பார்க்கவில்லை."