கடல் பாறையில் விழாத தாலி

யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் கருவியின் துணையோடு தேடிக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. கப்பலில் வேலை பார்த்த என் தம்பி அந்தக் கருவியைக் கொடுத்ததிலிருந்து என் மனைவிக்கு அதுதான் உயிர். ஆனால் அதுவரை ஒரு டப்பாகூட அகப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கருவி எங்களைத் திருவொற்றியூர் கடலோரப் பாறைகளுக்கு இழுத்துவந்தது. அவள் இடுக்குகளில் கைவிட்டுத் துழாவினாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இப்படி நிற்கிறோமே, போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று பயந்து நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே மீன் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் கத்தினாள்: "இன்னா தேடிகினு கீறீங்க?"

"தாலி விழுந்துடுச்சுக்கா!" என்று உளறிவிட்டேன்.

"அய்யய்யோ, தாலியா!" மீனை அப்படியே போட்டுவிட்டு நாலைந்து பெண்கள் பாறையில் இறங்கினார்கள். மனைவி என்னை முறைத்தபடி கழுத்துச் சரடை முந்தானைக்குள் மறைத்தாள்.

டப்பா அந்த அம்மாள் கையில் சிக்கியது. "அய்யோ, அதுதான்!" என்று மனைவி பாய்ந்ததில் தாலி வெளியே வந்து ஆடியது.

அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "குத்துக்கல்லாட்டம் நீ நின்னுகினு கீற, தாலி பூட்ச்சுன்றியே, பேமானி!"

மனைவி சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். டப்பாவைப் பழைய இடுக்கிலேயே செருகினாள். "இப்ப நீயே கண்டுபுடி கண்ணு. நாங்க இன்னும் பாக்கல."

மனைவி எடுத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

பாறையேறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத்தான் பயம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் திருத்தவில்லை.