ஒரு கிள்ளு மாவும் நான் அணைத்த விளக்கும்

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். பெரிய படிப்பு படித்தவள் இல்லை நான். எழுதினால் சபையில் வேதம் மாறிவிட்டாள் என்பார்களோ என்ற பயம் வேறு. இப்போது அந்தப் பயம் இல்லை.

என் அம்மா கொச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். ரொட்டிக்கு மாவு பிசைந்தால் முதலில் ஒரு கிள்ளு எடுத்து அடுப்புத் தீயில் போடுவார். அது கருகிய பிறகுதான் மீதியைத் தட்டுவார். ஏன் என்று கேட்டால், "எங்க வீட்ல அப்படித்தான்" என்பார். கிறிஸ்தவர்கள்தான் நாங்கள். அதற்கு முன் அம்மாவின் ஆட்கள் யாராக இருந்தார்கள் என்று அவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலே அவர் போனது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் இப்போது இருக்கும் மெல்பர்னில், முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்த யூத அம்மா ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் வீட்டுக்காரரையும் ஓய்வுநாள் விருந்துக்கு அழைத்தார். நாங்கள் குடியிருக்கும் மல்கிரேவிலிருந்து மதியமே போய்விட்டோம். அவர் பிசைந்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து, ஜெபம் சொல்லி, ஓவனுக்குள் போட்டுக் கருகவிட்டார். தேவனுக்கு முதல் பங்கு, இது யூதர்களின் வழக்கம் என்றார். அம்மாவைப் பற்றிச் சொல்லி, அப்படியென்றால் நாங்களும் யூதர்களா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"இருக்கலாம். மாவு மட்டும் சாட்சி ஆகாது" என்றார்.

பொழுது சாயுமுன் மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்களைப் பொத்திக்கொண்டார். நானும் என் ஆண்டவரிடம் ஜெபித்தேன். அதன்பின் மறுநாள் இருட்டும்வரை அந்த வீட்டில் சுவிட்சைத் தொடக்கூடாது, ஓய்வுநாளில் அதுவும் வேலைக் கணக்கு. எரிகிற விளக்கு எரியும், அணைந்தால் அணைந்ததுதான். அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

சாப்பாட்டுக்கு நடுவில் பாத்ரூம் போனேன். வெளியே வந்ததும் என் கை தானாக லைட்டை அணைத்துவிட்டது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுக்காது. மறுபடி போடப் போனேன். விருந்தாளியும் தங்களுக்காகப் போடக்கூடாது என்று அந்த அம்மா தடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "உங்க ஆளுங்க யூதருங்கன்னா அந்தக் கை சுவிட்சுக்குப் போயிருக்குமா?" என்றார்.

"எங்கம்மா வந்திருந்தாலும் அணைச்சிருப்பாங்க. பேசாம சாப்பிடுங்க."

என்ன பேசினீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடுத்த வெள்ளியும் வா. சுவிட்ச் மேல டேப் ஒட்டி வைக்கிறேன்" என்றார்.

வம்சம் தெரிய எச்சில் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்கிறாள் மகள். வேண்டாம் என்றுவிட்டேன். யாருடைய பிள்ளையாக இருந்தாலும் அம்மா தேவனுக்கு முதல் பங்கைக் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே கரண்ட் அடுப்பில் தீ இல்லையென்று நான் விட்டிருந்த வழக்கம் அது. இப்போது மாவு பிசைந்தால் ஒரு கிள்ளு ஓவனுக்குள் போகிறது, இயேசுவின் நாமத்தில்.

இதை யாருக்காவது சொல்வீர்களென்றால் உள்ளபடியே சொல்லுங்கள். என்னை யூதப் பெண் என்று கூட்டவும் வேண்டாம், இல்லை என்று குறைக்கவும் வேண்டாம். தெரியாது என்றே சொல்லுங்கள். நான் லைட்டை அணைத்ததையும் விட்டுவிடாதீர்கள்.