ஜன்னல் பக்கம் திருப்பிய கம்ப்யூட்டர்

ஓசூரில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் சின்னதாக ஒரு மியூசியம் இருந்தது. தொண்ணூறுகளில் நான் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சிரிக்காதீர்கள். நடுகல்லும் துருப்பிடித்த வாளும் கிடக்கிற இடத்தில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று எங்கள் அத்தாவும் கேட்டார்.

பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று கொடுத்த பெட்டி அது. கீபோர்டைத் தட்டினால் நடுகல்லின் படம் வரும், கூடவே அதன் கதையைச் சொல்லும் குரல் வரும். குரல் என்னுடையதுதான். கொடுத்த மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்தார். ஜனங்கள் பார்க்க வராவிட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். அத்தா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பொட்டி இருக்கிற வரைக்கும் போ. அது போன மறுநாள் நீ மாங்கா மண்டியில வந்து உக்காரணும்." மண்டி வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் எனக்கு மியூசியம் பிடித்துப்போயிருந்தது.

வந்தவர்களோ கம்ப்யூட்டர் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கிற அறை என்றால் ஏசி போட்டிருக்கும், செருப்பை வெளியே விடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிற கம்பெனி ஆட்கள் ஷூ கயிற்றை யார் அவிழ்த்துக் கட்டுவது என்று போய்விடுவார்கள். கிராமத்து ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆபீசர் ரூம் என்று வாசலிலேயே கும்பிட்டுவிட்டு நகர்வார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். யாரைத் திட்டுவது?

ஒருநாள் மேசையையே இழுத்துத் திருப்பிவிட்டேன். திரை கூடத்துப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தது. ஸ்பீக்கரை வெளியே விளிம்பில் வைத்தேன். பொறுப்பாளர் சார் பதறினார். "தூசி படும்மா, மேனேஜர் பார்த்தா என்ன ஆகும்?" சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார்! நான் கேட்டால்தானே.

ஜன்னலில் கூட்டம் சேர்ந்தது. பெட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கன்னடத்தில் ஒருவர் கேட்பார், தெலுங்கில் ஒருவர் கேட்பார். நான் வெளியே ஓடிவந்து அவரவர் பாஷையில் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே ஓடுவேன். சாயங்காலம் தொண்டை கட்டிவிடும். சந்தோஷமாக இருந்தது.

மேனேஜர் பார்வையிட வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகனுக்கு இங்கே கம்பெனி வேலை கிடைத்ததாம். அவர்கள் ஊர்ப்பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிற நடுகல்லின் படம் திரையில் வந்ததும், கூட இருந்த அம்மா, "ஐயோ, நம்ம சாமிடா!" என்று கத்தினார். கல் கூடத்தில் கயிற்றுக்கு அந்தப்புறம் இருந்தது. தொடக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது. அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கண்ணாடியில் சாமி நெற்றி தெரிந்த இடத்தில் குங்குமத்தை வைத்துவிட்டார்.

படம் தானாக மாறும்படி நான் வைத்திருந்தேன். மாறியது. குங்குமம் ஒரு உடைந்த பானையின் வயிற்றில் நின்றது.

"கண்ணு, சாமி எங்க போச்சு? கூப்புடு, கூப்புடு!"

அடித்துப் பிடித்துக் கீபோர்டைத் தட்டிச் சாமியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஷூவோடு அறைக்குள் வந்தார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து அந்த அம்மா ஒரு போடு போட்டார். "யோவ், சாமி கீற ரூமுக்குள்ள செருப்பு போட்டுக்கினு வரியே!" மேனேஜர் வெளியே போய் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பெட்டி பிழைத்தது என்று நினைத்தேன்.

"இவ்வளவு பேர் பார்க்கிறாங்களா! இதை இங்க வச்சு வீணாக்கக் கூடாது சார்," என்றார் பொறுப்பாளரிடம். "கம்பெனி வரவேற்பறையில வைக்கலாம். பெங்களூர்ல இருந்து பெரிய மனுஷங்க வர்றாங்க."

அந்த வாரமே வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. நான் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஆள் வராவிட்டாலும் எடுப்பார்கள், வந்தாலும் எடுப்பார்கள் என்றால் இது என்ன நியாயம்?

என் சாமான்களை எடுத்துப்போக ஞாயிற்றுக்கிழமை போனேன். ஜன்னலில் பத்துப் பேருக்குமேல் நின்றிருந்தார்கள். முன்னால் அதே அம்மா, இந்தத் தடவை மருமகளோடு.

"பொட்டிய தூக்கிக்கினு போயிட்டாங்கம்மா," என்றேன்.

"போனா போவுது. அதுல பேசனது நீதான? சொல்லு கண்ணு, எம் மருமவ கேக்கணும்."

ஏசிக்கு இனி வேலையில்லை. கண்ணாடியைத் தள்ளித் திறந்தேன். ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனின் கதையைச் சொன்னேன், முதலில் தமிழில், பிறகு பின்வரிசைக்காகக் கன்னடத்தில், தெலுங்கில். நடுவில் சார் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கிளம்பும்போது, "நாளைக்கும் வந்துடும்மா," என்றார்.

வீட்டில் அத்தா சோற்றுக்கு முன்னால் காத்திருந்தார். "பொட்டி போயிடுச்சாமே?"

"ஆமா அத்தா. நான் போகல."