சுக்கானை விடாத நூகு

நூகு என்ற பெயர் ஆஸியா பீவியின் காதில் முதன்முதலாக விழுந்தது ஒரு வசவோடு சேர்ந்துதான். தாய்மாமா கடைத்தெருவிலிருந்து கொதித்துக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "மீரா சாகிப் தம்பி நூகுன்னு ஒருத்தன் இருக்கானே, அவன மாதிரி முரட்டுப் பயல நான் பாத்ததே இல்ல" என்றார். நாகப்பட்டினத்தில் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது, எல்லாத் தோணியும் ஒதுங்கிவிட்டது, இவன் ஒருவன் மட்டும் மாமாவின் வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அரசலாற்று முகத்துவாரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டானாம். மூட்டை நனைந்துவிட்டதா என்று உம்மா கேட்டாள். "நனையல. அதுக்காக? வராதேன்னு நான் ஆள் அனுப்புனேன்ல?" என்று மாமா குதித்தார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற ஆஸியா பீவிக்குச் சிரிப்பு வந்தது. மறு வருஷம் அதே மாமாதான் அந்த முரட்டுப் பயலுக்கு அவளைப் பேசி முடித்தார்.

இன்று நூகுவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கட்டம் போட்ட கைலி, பொத்தான் போடாத சட்டை, உப்புக்காற்றில் வெளுத்த புருவம். வலது கை மார்புக்கு மேலே ஏறாது. சோறு வாய்க்குப் போகவேண்டுமானால் வாய்தான் சோற்றிடம் வரவேண்டும். இடது கையால் சாப்பிட மாட்டார், கரண்டியும் வேண்டாம். தட்டின்மேல் கவிழ்ந்து, வலது கையால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வார். விருந்து வீடுகளில் யாராவது பரிதாபமாகப் பார்த்தால், "என்னத்த பாக்குறீங்க? எவனுக்கும் குனியாத தலைய சோத்துக்குக் குனிய வச்சிருக்கேன். சோறுன்னா அம்புட்டு மருவாதி" என்பார். பார்த்தவர் தன் தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கை போனது துபாயில். எழுபத்தாறில் போனார். அங்கே வெள்ளைக்காரர்கள் உல்லாசமாகப் பாய்மரப் படகு ஓட்டுகிற கிளப் ஒன்றில் படகுகளைப் பராமரிக்கிற வேலை. ஒருநாள் பாய்மரத்திலிருந்து விழுந்தார். தோள் மூட்டு நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் ஒட்டிவைத்தார்கள், கை வேலைக்குத்தான் உதவவில்லை. எண்பத்து மூன்றில் ஊர் திரும்பினார்.

துபாயிலிருந்து வந்த பெட்டி திறக்கிற நாள் எப்படியிருக்கும் என்று காரைக்காலில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சித்தி மக்கள், மாமி மக்கள், மாமி மக்களுக்குச் சம்பந்தம் ஆனவர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. நைலக்ஸ் சேலை வரும், செண்டு வரும், டேப் ரெக்கார்டர் வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு வெண்கல உருளை. குழந்தை மாதிரி கனத்தது. அடுத்து துப்பாக்கி மாதிரி ஒரு சாமான்.

"என்னடா இது?" என்று அண்ணன் மீரா சாகிப் கேட்டார்.

"ஓட்ட போடுற மிஷினு நானா. ஒயரு கிடையாது, பேட்டரில ஓடும்."

"எங்கடா ஓட்ட போடப்போறே? நம்ம தோணியிலயா?"

கூடமே சிரித்தது. நூகுவும் சேர்ந்துதான் சிரித்தார். ஆஸியா பீவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த உருளையை அவர் இடது கையால் தடவிய விதத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கம் கொண்டுவந்தவர்கள்கூடத் தங்கத்தை அப்படித் தடவியதில்லை.

உருளைக்கு விஞ்சு என்று பெயர். பாய் தூக்குகிற கயிற்றை அதில் மூன்று சுற்றுச் சுற்றி, தலையில் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் கயிறு இழுபட்டுப் பாய் மேலேறும். பாறையில் மோதி உடைந்த ஒரு படகிலிருந்து கழித்துப் போட்டதை முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தார். கைப்பிடி சுழற்ற இரண்டு கைக்கும் வேலை உண்டு. ஆனால் அந்தக் கிளப்பில் ஒரு காட்சி கண்டிருக்கிறார். அதை ஆஸியா பீவியிடம் அவர் சொல்லாத நாளில்லை. "எழுவது வயசுக் கெழவிடி. ஒரு கையில டீ, ஒரு கையில இந்த மிஷினு. விஞ்சு தலையில சொருகி அமுக்குறா, பாயி விர்ருன்னு ஏறுது. டீ ஒரு சொட்டு சிந்தல. அவளுக்கு ஏறுற பாயி எனக்கு ஏறாதா?"

ஏறியே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டு உண்டு: பாயைத் தன் கையால் ஏற்றுகிறவனுக்குத்தான் சுக்கான். அவர்கள் வாப்பா ஒரு பெருநாள் கழிந்த மறுநாள் பாயை முக்கால்வரை ஏற்றிவிட்டு மூச்சு வாங்கி நின்றாராம். அப்படியே கரையிறங்கினவர், மவுத்தாகும்வரை சுக்கானைத் தொடவில்லை. மீரா சாகிப் வியாபாரத்தோடு நின்றுகொண்டார். தோணியின் சுக்கான் நூகுவுக்கு வந்தது. அவர் துபாயில் இருந்த காலத்தில் மாதாகோயில் தெரு சூசைராஜ் பிடித்தார். நல்ல கடலாள், நூகுவுக்குச் சின்ன வயசுச் சிநேகிதர்.

"சூசைராஜே பிடிக்கட்டும். நீ கடையில வந்து உக்காரு" என்றார் மீரா சாகிப். "வாப்பா எறங்குனாங்கள்ல? நீ அவங்களவிடப் பெரிய ஆளா?"

"வாப்பாவுக்கு மூச்சு போச்சு, எறங்குனாங்க. எனக்குப் போனது கைதானே நானா. மூச்சு நல்லா இருக்கு, கேக்குதுல்ல?"

"பாய ஏத்திக் காட்டு. அப்பறம் பேசு."

அன்றிலிருந்து வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. அடுக்களையில் இருந்த ஒரே பிளக்கில் பேட்டரி சார்ஜ் ஏறியது. ஆஸியா பீவி அம்மியில் அரைத்தாள். லேத்துப் பட்டறையில் ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து வாங்கி, விஞ்சின் தலைக்குழியில் பொருந்துகிறாற்போல் அரத்தால் ராவி ராவி, துளை மிஷின் வாயில் மாட்டினார் நூகு. தோணியில் பாய்மரத்துக்கு அடியில் விஞ்சை இறுக்கினார். முதல் ஒத்திகையில் கயிறு கயிற்றின்மேல் ஏறிச் சிக்கிக்கொண்டது. உருளை நின்றது, மிஷின் நிற்காமல் அவர் இடது மணிக்கட்டைத் திருகிவிட்டது. கிளிஞ்சல்மேட்டு மீனவப் பிள்ளைகள் எஞ்சின் படகிலிருந்து கூவினார்கள். "மரைக்காரே, இருக்குற ஒரு கையும் போயிரப்போவுது!"

"போனா கால் இருக்குடா!" என்று திருப்பிக் கத்தினார். பேச்சுக்குச் சொன்னதில்லை. கயிற்றின் வாலை யாராவது பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால்தான் அது சிக்காது. அதைக் கால் கட்டைவிரல் இடுக்கில் பிடித்து இழுத்துப் பழக ஆரம்பித்தார். வீட்டில் கட்டில் காலில் கயிறு கட்டிப் பழகினார். தொழுகை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தக் கயிறு காலிலேயே கிடந்தது.

ஏற்றிக் காட்டுகிற நாளில் ஆஸியா பீவி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஈரம் படாமல் பேட்டரியைத் துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்து ஆற்றங்கரைக்கு வந்தாள். ஆம்பிளைகள் கூடுகிற இடத்துக்கு அவள் வந்தது அன்றுதான் முதல்தடவை. மீரா சாகிப் சலவைச் சட்டையோடு தோணிக்குள் ஏறிப் பாய்மரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். சூசைராஜ் மறுபக்கம் நின்றார். கரையில் நல்ல கூட்டம்.

மிஷின் உறுமியது. பாய் கழியோடு சேர்ந்து கிடுகிடுவென்று மேலேறியது. கூட்டத்தில் ஒருவன் விசில் அடித்தான். முக்கால் உயரம் தாண்டியதும் காற்று பாயைப் பிடித்துக்கொண்டது. பாரம் கூடியது. மிஷின் முனகியது, திணறியது, நின்றுவிட்டது. முக்கால் ஏறின பாய் என்றால் ஏறாத பாய்தான். வாப்பா கரையிறங்கியதும் அதைவிடக் குறைந்த உயரத்தில் இல்லை.

"போதும் நூகு. விடு" என்றார் மீரா சாகிப். குரலில் கோபம்கூட இல்லை.

நூகு மிஷினின் பக்கவாட்டில் இருந்த ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் தட்டினார். அமுக்கினார். மிஷின் எதிர்ப்பக்கம் சுழல ஆரம்பித்தது.

கயிற்றோடு பிறந்து வளர்ந்த ஜனங்கள். ஒரு பக்கம் சுற்றினால் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும், கேட்டுத் தெரியவேண்டியதில்லை. "டேய்! கயிறு அவுருதுடா! கழி தலையில விழும்டா!" என்று மீரா சாகிப் அலறிக்கொண்டு ஆற்றில் குதித்தார். சூசைராஜ் "மாதாவே!" என்று மறுபக்கம் குதித்தார். கரையில் நின்ற கூட்டம்கூட நாலடி பின்னால் ஓடியது.

பாய் இறங்கவில்லை. மெதுவாக, அங்குலம் அங்குலமாக மேலேறியது. அந்த உருளைக்குள் இரண்டு வரிசைப் பற்சக்கரம். எந்தப் பக்கம் சுழற்றினாலும் உருளை ஒரே பக்கம்தான் திரும்பும். ஒரு பக்கம் சுழற்றினால் வேகம், எதிர்ப்பக்கம் சுழற்றினால் பலம். கழி உச்சிக் கப்பியில் போய் முட்டி நின்றபோது பாயில் ஒரு சுருக்கமில்லை. நூகு கால் விரலிலிருந்த கயிற்றைக் கட்டையில் சுற்றி இறுக்கினார்.

இடுப்பளவு தண்ணீரில் தொப்பியைத் தேடிக்கொண்டே மீரா சாகிப் சொன்னார்: "மிஷினு ஏத்துச்சு. நீ ஏத்தல."

"கப்பி மாட்டி ஏத்துனப்ப, கப்பி ஏத்துச்சா நீங்க ஏத்துனீங்களான்னு வாப்பாகிட்ட கேட்டியா?"

"கப்பி வாப்பா காலத்துது."

"எம்மவன் காலத்துல இதுவும் வாப்பா காலத்துதுதான்!"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அதுவரை புருஷனின் அண்ணனுக்கு நேராக ஒரு சொல் பேசியறியாத ஆஸியா பீவி கரையிலிருந்து குரல் கொடுத்தாள். "மச்சான், பாயி ஏறிடுச்சு. காத்து நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காது. ஏறுறவங்க ஏறுங்க."

முதலில் ஏறியது சூசைராஜ். ஏறினவர் தனக்கென்று சொல்லப்பட்ட சுக்கான் பக்கம் போகவில்லை. நேராக முன்பக்கம் போய், கரையில் கட்டிய கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "அவுக்கட்டா மரைக்காரே?" என்று நூகுவைப் பார்த்துக் கேட்டார். நூகு சுக்கானில் உட்கார்ந்தார். மீரா சாகிப் ஈரச் சட்டையோடு வீட்டுக்கு நடந்தார். சரி என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று நூகுவும் கேட்கவில்லை. நோன்புக்கஞ்சி மட்டும் இரு வீட்டுக்கும் போய்வருகிறது.

எஞ்சின் ஏன் வைக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. மிஷினில் பாய் ஏற்றுகிறவருக்கு எஞ்சின் மட்டும் ஆகாதா? "கையத்தான் மிஷினுக்குக் குடுத்தேன். காத்தக் குடுக்கல" என்பார். துபாய்ப் பேட்டரி போன வருஷம் செத்துப்போனது. அந்த மாதிரி இங்கே கிடைக்காது என்று மெட்ராஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். நாலு நாள் செத்த பேட்டரியையே பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் ஒரு பழைய லாரி பேட்டரியை வாங்கி, இரண்டு ஒயரை இழுத்து மிஷினோடு பிணைத்துவிட்டார். இப்போது அது முன்னைவிடக் கூடுதலாக உறுமுகிறது, லேசாகப் புகையும் வருகிறது. "எரிஞ்சா வேற பாத்துக்குவோம்" என்கிறார்.

நேற்று வேதாரண்யத்துக்குப் போனார். உப்பு மூட்டைகள் ஏறிவிட்டதாகச் சூசைராஜின் வீட்டுக்குத் தகவல் வந்திருக்கிறது. இந்நேரம் நூகு அங்கே வாய்க்கால் துறையில், தோணியின் பின்பக்கம், சுக்கானில் உட்கார்ந்திருக்கிறார். வடக்கே ஊர் திரும்பத் தென்காற்று கிளம்பவேண்டும்.