பெண் பார்த்த அன்று வாசித்த பாட்டு

கண் ஆஸ்பத்திரி ஸ்பீக்கரில் அந்தச் சின்ன, சோகமான பியானோ இசை வந்ததும் எனக்கு எங்கள் அவிநாசி வீடு ஞாபகம் வந்துவிட்டது. கான்வென்ட்டில் பியானோ படித்த என் அத்தையை அன்றைக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஏதாவது வாசிக்கச் சொன்னதும் வீட்டுப் பியானோவில் அத்தை வாசித்தது இதைத்தான். கூடமெல்லாம் கேசரி வாசனை. ஒருத்தரும் தட்டைத் தொடவில்லை.

"ஏனுங்க, நல்ல காரியத்துல எழவூட்டுப் பாட்டாட்ட வாசிக்குது புள்ள!" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். சம்பந்தம் போச்சு என்று அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

மாப்பிள்ளை மட்டும் அசையவில்லை. "உக்காருங்கம்மா. அம்மணி, இன்னொருக்கா வாசிங்க" என்றார்.

அந்த மாமாதான் இப்போது கண்ணில் கட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அத்தை போன வருஷம் தவறிவிட்டார். இசை நின்றதும் மாமா சொன்னார்: "உங்கத்தை இத்தன வேகமா வாசிக்க மாட்டா, கண்ணு."